அறுபத்தொரு பேர் குளித்த மாலை

தணிகாசலம் ஒவ்வொரு நாளும் காலை ஒன்பது மணிக்குத் தம் நாற்காலியில் அமர்வார். மஞ்சள் துணியால் மேசையை இடமிருந்து வலமாக ஒருமுறையும் வலமிருந்து இடமாக ஒருமுறையும் துடைப்பார். ஹெட்போனை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வார். அது காதுக்கு ஏறியதை அந்த அலுவலகத்தில் எவரும் பார்த்ததில்லை. பிறகு திரையில் வரிசையாக வந்து நிற்கும், இயந்திரம் செய்த கண்டறிதல்களுக்குக் கீழே இருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்தத் தொடங்குவார். டீக்கார அபுபக்கர் ஒன்பது நாற்பதுக்கு வருவார். அதற்குள் நாற்பதை ஒப்பி முடித்துவிட வேண்டும் என்பது தணிகாசலம் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட ஒழுங்கு. நாற்பதாவதை அழுத்திவிட்டு, ஆவி பறக்கும் டீயை வாயில் வைக்கும்போது, கடமையைச் செய்து முடித்த நிம்மதி அவருக்குக் கிடைத்துவிடும். ஆறிய டீயை அவர் குடிப்பதில்லை.

ஒவ்வொரு பச்சைப் பொத்தானுக்கும் மேலே ஒரு வரி இருக்கும்: "இந்த ஒலிப்பதிவை முழுவதும் என் செவியால் கேட்டேன். இயந்திரத்தின் முடிவு சரியானதே." கோயிலைக் கடந்து போகிறவர் செருப்பைக் கழற்றாமலே கன்னத்தில் போட்டுக்கொள்வதைப் போல, அந்த வரியை அவர் பதினோரு ஆண்டுகளாகக் கடந்து போய்க்கொண்டிருந்தார்.

"என்ன சார், இன்னிக்கு முப்பத்தெட்டுலயே நிக்குது? நான் சீக்கிரம் வந்துட்டேனா?" என்பார் அபுபக்கர்.

"உங்க பேரு வந்துது பாய். அழுத்தறதா வேண்டாமான்னு யோசிச்சிட்டிருக்கேன்."

"அழுத்துங்க சார். உள்ள போனாலாவது யாராச்சும் எனக்கு டீ கொண்டாந்து குடுப்பாங்க."

இருவரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், கூரையில் பதித்திருந்த சிறிய கறுப்புக் குமிழை அபுபக்கர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொள்வார். அந்தப் பார்வையைத் தணிகாசலம் கவனித்ததில்லை.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் உப்பாற்றுப்பட்டினத்தை ஒரு புயல் புரட்டிப் போட்டது. கடல் இரண்டு கிலோமீட்டர் ஊருக்குள் வந்து திரும்பியது. இடிபாடுகளுக்கு அடியில் உயிரோடு கிடப்பவர்கள் எங்கே என்று தெரியாமல் மீட்புக் குழுவினர் தவித்தபோதுதான் செவிக்கம்பங்கள் வந்தன. தெருவுக்கு ஒரு கம்பம். அதன் உச்சியில் தாமரை மொட்டு அளவில் ஒரு கருவி. நூறு மீட்டருக்குள் எழும் ஒரு முனகலைக்கூட அது பிரித்தறியும். அன்று தொண்டராகச் சேர்ந்த தணிகாசலம் இரண்டு நாள் ஹெட்போனைக் காதிலிருந்து கழற்றவே இல்லை. பள்ளிக்கூடத் தெருவில் ஒரு சுவருக்கடியிலிருந்து யாரோ செங்கல்லை விரலால் தட்டும் ஒலி அவருக்குக் கேட்டது. தோண்டினார்கள். ஒரு தாயும் கைக்குழந்தையும் உயிரோடு வெளியே வந்தார்கள். அந்தக் காதுக்காகத்தான் அரசு அவருக்கு இந்த நாற்காலியைத் தந்தது.

புயல் இரண்டு நாளில் போய்விட்டது. புயலுக்காக வந்த சட்டம் போகவில்லை. பேரிடர்க்கால மக்கள் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஆயுள் ஆறு மாதம் என்றார்கள். ஆறு மாதம் முடிந்தபோது இன்னோர் ஆறு மாதம். அடுத்த புயல் வரக்கூடும் என்று முதலில் காரணம் சொன்னார்கள். கொள்ளைநோய் வரக்கூடும் என்று பிறகு சொன்னார்கள். அதன்பின் காரணம் சொல்லும் வழக்கத்தையே விட்டுவிட்டார்கள். இருபத்திரண்டாம் நீட்டிப்பு ஆணை ஒற்றை வரியில் வந்தது. இருபது பேருக்கு மேல் கூடுவதானால் மூன்று நாளுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். சந்தேகத்துக்குரியவரை வழக்கின்றித் தொண்ணூறு நாள் அடைத்து வைக்கலாம். முனகலைத் தேடப் பிறந்த செவி இப்போது முணுமுணுப்பைத் தேடியது. குடிநீர் மானியும் மின்மானியும்கூட அதற்கு உளவு சொல்லின. இவ்வளவு அதிகாரத்துக்கும் ஒரே ஒரு கடிவாளம்தான் இருந்தது: இயந்திரம் சொல்வதை ஒரு மனிதர் தம் காதால் கேட்டு ஒப்ப வேண்டும். அந்தக் கடிவாளம் தணிகாசலத்தின் கழுத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் டீ கிளாஸும் கையுமாக மனு வாங்கும் சன்னல் பக்கம் காற்று வாங்க வந்தார். சன்னலுக்கு இப்புறம் எழுத்தர் ரோசலின். அப்புறம், நாற்பது வயதை ஒட்டிய ஒரு பெண்மணி, எண்ணெய் காணாத தலையோடு நின்றுகொண்டிருந்தார்.

"கேட்டவரு யாருங்க? எங்க வீட்டக் காதால கேட்டேன்னு ஒப்புக் குடுத்தவரு. அவர நான் பாக்கணும்."

"அதெல்லாம் சொல்லக்கூடாதும்மா. ரகசியம்" என்றார் ரோசலின்.

"எங்க வீட்டுக்குள்ள பேசினது ரகசியம் இல்ல. ஒட்டுக்கேட்டவரு பேரு மட்டும் ரகசியமாக்கும்?"

வரிசையில் நின்றவர்களில் ஒருவர் சிரித்துவிட்டு உடனே இருமிக்கொண்டார்.

"மனுவக் குடுத்துட்டுப் போங்கம்மா. பேரு என்ன?"

"செண்பகம். ஐஸ் கம்பெனித் தெரு. என் வீட்டுக்காரரு இருளப்பன், கம்பெனியில மெக்கானிக்கு. மாமனாரு தவறி இன்னியோட ஆறு நாளு. மூணாம் நாளு வந்து இவரக் கூட்டிட்டுப் போயிட்டாக. என்னமோ ரகசியக் கூட்டம் போட்டாராம். ஒரே பிள்ளைங்க அவரு. பதினாறாம் நாள் காரியத்துக்குக் கொள்ளி வச்ச பிள்ளை வேணாமா?" குரல் அதுவரை உடையவில்லை. அடுத்த கேள்வியில்தான் உடைந்தது. "கேட்டேன்னு சொல்றாரே, அவருக்கு நான் அழுதது கேக்கலியா? மாரடிச்சு அழுதேன். தெருக்கோடி வரைக்கும் கேட்டுது. அவரு காதுல மட்டும் விழலியா?"

தணிகாசலம் இருக்கைக்குத் திரும்பினார். ஐஸ் கம்பெனித் தெரு, இருளப்பன் என்று தேடினார். கோப்பு வந்தது. ஒப்பியவர் பெயர் தணிகாசலம். ஒப்பிய நேரம் காலை 9.17. அன்றைய கணக்கில் பதினேழாவது.

அவர் முதன்முறையாக ஒரு கண்டறிதலை எழுத்தெழுத்தாகப் படித்தார். மாலை நான்கு முதல் ஆறு மணிக்குள் அறுபத்தொரு பேர் அவ்வீட்டுக்கு வந்துள்ளனர். அவ்வீட்டிலிருந்து மூன்று தொலைபேசி அழைப்புகளே சென்றுள்ளன, அவற்றுள் ஒன்றிலும் வருமாறு எவரும் அழைக்கப்படவில்லை. ஆகவே முன்னரே குறித்த சமிக்ஞையின்படி கூடியுள்ளனர். திரும்பிச் சென்றவர்களில் ஒருவர்கூட விடைபெறவில்லை; இது பயிற்சி பெற்றவர்களின் நடத்தை. வீடு திரும்பியதும் அறுபத்தொருவரும் உடனே குளித்து, உடுத்திய துணிகளை நனைத்துள்ளனர், குடிநீர் மானிகளின் பதிவு இணைப்பில் காண்க. இது தடயம் அழித்தல். உரையாடலில் 'யானை' என்ற சொல் பதினான்கு முறை வருகிறது, இவ்வூரில் யானை இல்லை, இது குறிச்சொல். சதிக்கூட்டமாக இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு.

எங்கோ ஒரு தூர நாட்டு அலுவலகத்தில், சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்பதை அறியாதவர்கள் செய்த இயந்திரம் அது. அதற்குத் தெரியாதது குற்றமில்லை. இவருக்குத் தெரியும். தெரிந்தவர் ஒருவர் நடுவில் உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் இந்த நாற்காலியே போடப்பட்டிருந்தது.

அன்று மாலை வீட்டில் மனைவி கோமதி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தணிகாசலம் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"கோமதி, ஒரு விடுகதை."

"இந்த வயசுல விடுகதையா? சொல்லுங்க, கேப்போம்."

"அறுபத்தொரு பேரு ஒரு வீட்டுக்குப் போறாங்க. யாரும் யாரையும் கூப்பிடல..."

"துட்டி வீடு."

"இன்னும் முடியலயே."

"முடிஞ்சா என்ன? கல்யாண வீட்டுக்குத்தான் பத்திரிகை வேணும். கூப்பிடாமப் போற வீடு இழவு வீடு ஒண்ணுதான். திரும்பும்போது சொல்லிக்காம வந்திருப்பாங்களே?"

"ஆமா."

"வந்து தலைக்குத் தண்ணி ஊத்தியிருப்பாங்களே?"

"ஆமா."

"நல்ல விடுகதை போங்க. பாலர் வகுப்புப் பிள்ளைகிட்டப் போய்க் கேளுங்க."

அவர் சிரிக்கவில்லை. கோமதி கீரையைத் தள்ளி வைத்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"நேத்து டெய்லர் மாணிக்கவாசகத்தோட அம்மா தவறிட்டாங்கல்ல? துட்டிக்கு வந்தவங்க எல்லாரும் போகும்போது கம்பத்தடியில நின்னு, 'போயிட்டு வாறோம், போயிட்டு வாறோம்'னு சத்தமாச் சொல்லிட்டுப் போனாங்க. துட்டி வீட்டுல அப்படிச் சொல்லலாமா? இன்னொரு சாவுக்கு வாறோம்னு சொல்ற மாதிரி ஆகாதா? ஐஸ் கம்பெனித் தெருவுல நடந்தது ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. எல்லாருக்கும் பயம்."

"நீயும் சொன்னியா?"

"சொன்னேன். வந்து குளிக்கவும் இல்ல. ஈரத்துணியால மேல துடச்சுக்கிட்டேன். மீட்டர் ஓடும்ல." பிறகு சமாதானம் சொல்வதுபோல் சேர்த்தாள்: "எனக்காக இல்ல. உங்க வேலைக்கு ஒண்ணும் வந்துரக்கூடாதேன்னுதான்."

தம் வீட்டுக் குளியலறையில் நேற்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றப்படாமல் போனதைத் தணிகாசலம் எண்ணிப் பார்த்தார். சோற்றில் கை வைக்கும்போது பறித்தால் மனிதன் சண்டைக்கு வருவான். துக்கத்தில் கை வைத்துப் பறித்திருக்கிறார்கள். ஊர் வாய்திறக்காமல் கொடுத்திருக்கிறது. செத்தவர் வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்பதை ஒரு கம்பத்தைக் கேட்டு மாற்றிக்கொள்ளும் நிலைக்கு ஓர் ஊரைக் கொண்டுவந்து நிறுத்த எந்தச் சட்டத்துக்கு உரிமை உண்டு? எந்தப் புயலில் இருந்து இது நம்மைக் காக்கிறது? கேள்விகள் அவருக்குள் கொதித்தன. கொதித்த ஒவ்வொரு கேள்வியும் சுற்றி வந்து, 9.17 என்ற அந்த எண்ணில் முட்டி நின்றது.

மறுநாள் அவர் மேசையைத் துடைக்கவில்லை. நேரே ஹெட்போனைக் காதில் வைத்தார். ஐஸ் கம்பெனித் தெருவின் ஒலிப்பதிவைத் திறந்தார். பேச்சுத் துணுக்குகள் மட்டும் வந்தன, அழுகை இல்லை. திரையின் மூலையில் 'இரைச்சல் நீக்கம்' என்றொரு குறி எரிந்துகொண்டிருந்தது. உரையாடல் தெளிவாகக் கேட்பதற்காக இருமல், குழந்தைச் சிணுங்கல், மேளம், சங்கு, அழுகை ஆகியவற்றை இயந்திரம் வடிகட்டிவிடும் என்று அதன் விளக்கம் சொன்னது. சுவருக்கடியில் அழுகிறவர்களைக் கண்டுபிடிக்கவென்று நட்ட செவி, இன்று அழுகையைக் குப்பை என்று கொட்டிக்கொண்டிருந்தது.

அவர் அந்தக் குறியை அணைத்தார்.

செண்பகத்தின் குரல் காதுக்குள் அறைந்தது. அதன் பின்னால் சங்கு. அதன் பின்னால் பல பெண்களின் குரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக. அபுபக்கர் வந்தார், தணிகாசலத்தின் காதில் ஹெட்போனையும் கன்னத்தில் ஈரத்தையும் கண்டு, கிளாஸைக் கீழே வைக்காமலே பின்வாங்கினார். அன்று தணிகாசலம் ஒன்றையும் ஒப்பவில்லை. ஆறு மணி நேரப் பதிவையும் கேட்டு முடித்தார். யானை எதுவென்பதும் பிற்பகலில் தெரிந்துவிட்டது.

இணை இயக்குநர் வேதவல்லி பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டார்.

"மிஸ்டர் தணிகாசலம், திரும்பப் பெறுறதுக்கு நம்மகிட்டப் பொத்தான் கிடையாது. பச்சை மட்டும்தான்."

"தப்புன்னு தெரிஞ்ச பிறகுமா மேடம்?"

"தப்பு நடக்க வாய்ப்பே இல்லைன்னுதான் விதி எழுதியிருக்கு. நீங்க காதால கேட்டுத்தானே ஒப்புறீங்க?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பெரும்பாலும் எச்சரிக்கையோட முடிஞ்சிரும். இன்னிய தேதிக்கு உங்க பச்சையால உள்ள இருக்கிறவங்க மட்டும் நூத்திப் பதினேழு பேரு. ஒண்ண உருவினா மத்ததெல்லாம் என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"இப்பத்தான் யோசிக்கிறேன்."

"யோசிக்காதீங்க. தூக்கம் வராது. உங்களுக்கு ரிட்டையர்மெண்டுக்கு அஞ்சு வருஷம் இருக்கு."

"வேற வழியே இல்லையா மேடம்?"

வேதவல்லி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ஒண்ணு இருக்கு. கேக்காமலே கேட்டேன்னு சொன்னேன்னு நீங்களே மறுஆய்வுக் குழு முன்னால உறுதிமொழிப் பத்திரம் குடுக்கணும். ஒப்பு செல்லாததாயிடும். அவரு வெளிய வருவாரு. நீங்க உள்ள போவீங்க. பொய்ச் சான்றுக்கு மூணு வருஷம்." பிறகு, தாமே தமக்குச் சொல்லிக்கொள்வதுபோல, "இதுவரைக்கும் யாரும் குடுத்ததில்ல" என்றார்.

சாவு நடந்த பதினான்காம் நாள் மறுஆய்வுக் குழு கூடியது. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். ஒரு பக்கம் இருளப்பன். பன்னிரண்டு நாள் தாடி. மொட்டையடித்த தலையில் முள்முள்ளாக முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. அந்தத் தலையைப் பார்த்தாலே எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். பார்க்கத்தான் அங்கே எவரும் இல்லை.

தணிகாசலம் உறுதிமொழிப் பத்திரத்தைப் படித்தார். தலைவர் புருவத்தைச் சுளித்தார்.

"கேட்கவில்லை என்கிறீர். சரி, அழைப்பு, விடைபெறுதல், குளியல், இவையெல்லாம் வழக்கம் என்றே வைத்துக்கொள்வோம். யானை என்ன? பதினான்கு முறை சொல்லியிருக்கிறார்களே?"

"பதிவைப் போடட்டுமா ஐயா?"

இரைச்சல் நீக்கம் இல்லாமல் பதிவு ஓடியது. அறை முழுவதும் அழுகை நிறைந்தது. தலைவர் நாற்காலியில் அசைந்தார்.

"ஒலியைக் கொஞ்சம் குறையுங்கள்."

"மன்னிக்க வேண்டும். முழுவதும் கேட்டாக வேண்டும் என்பது சட்டம். நான் கேட்காமல் விட்டதால்தான் நாம் எல்லாரும் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்."

இருளப்பன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். தம் தந்தைக்காகத் தம் மனைவி அழுவதைக் காவலர்களுக்கு நடுவே இரண்டாம் முறையாகக் கேட்டார். அழுகை மெல்லத் தணிந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆண்களின் பேச்சு வந்தது. இருளப்பனின் தந்தை பேச்சிமுத்துவை அவர்கள் நினைவுகூர்ந்தார்கள்.

"வாசல்ல நிக்கிற கம்பத்த யானைன்னுல்லா சொல்லுவாரு பேச்சிமுத்து அண்ணாச்சி. 'யானை தூங்குதா, பேசலாமா?'ம்பாரு."

"ஏன் யானை?"

"உனக்குத் தெரியாதாக்கும்? ஒரு காட்டுல தீப்பிடிச்சிச்சாம். குருவியெல்லாம் யானைகிட்டப் போயி, 'நடுவுல நாலு மரத்த ஒடிச்சு விடு சாமி, தீ பரவாம நிக்கும்'னு கெஞ்சிச்சாம். யானையும் ஒடிச்சிச்சு. தீயும் அணைஞ்சுபோச்சு. மறுநாளும் யானை ஒடிச்சிச்சாம். 'ஏன் சாமி?'ன்னா, 'நாளைக்குத் தீப்பிடிச்சா?'ன்னிச்சாம். இப்படியே தினமும் ஒடிச்சு ஒடிச்சு, ஒருநாள் கடைசி மரத்தையும் சாய்ச்சுப்புட்டு, 'பாத்தீங்களா, நான் காவல் நின்ன நாள்லருந்து காட்டுல தீயே இல்ல'ன்னு பெருமையா துதிக்கையத் தூக்கிச்சாம். அப்பம் குருவி சொல்லிச்சாம்: 'காடே இல்லியே சாமி.'"

பதிவில் நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிப்பிலேயே ஒருவர் தேம்பினார். "இனி யாருடே நமக்குக் கதை சொல்லுவா?" என்றது அந்தக் குரல்.

உறுப்பினர்களில் ஒருவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"ஆக, சட்டத்தைக் கேலி செய்திருக்கிறார்கள்."

"கதையைச் சொன்னவர் இறந்துபோனவர் ஐயா. அவரைக் கைது செய்ய இருபத்து மூன்றாம் நீட்டிப்பில் வேண்டுமானால் இடம் வையுங்கள்" என்றார் தணிகாசலம். தம் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வரும் என்று அவரே நினைத்திருக்கவில்லை. "புயலில் நாங்கள் கேட்டது அழுகையை. அதைக் கேட்டுத்தான் தோண்டினோம். இப்போது அழுகையை வடிகட்டிவிட்டு மிச்சத்தைக் கேட்கச் சொல்கிறீர்கள். நான் அதைக்கூடக் கேட்கவில்லை. என்னைத் தண்டியுங்கள். அது நியாயம். அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவனைச் சதிகாரன் என்று எழுதியதை அடியுங்கள். அதுவும் நியாயம்."

ஒப்பு செல்லாது என்று எழுத வேண்டியதாயிற்று. விதி அவர்களுக்கு வேறு வழி வைத்திருக்கவில்லை. பதினைந்தாம் நாள் காலை இருளப்பன் வீடு திரும்பினார். தணிகாசலம் பணியிடை நீக்கம் செய்யப்பட்டு, பிணையில் விடப்பட்டார். நான்கு மாதத்தில் வழக்கு.

அன்று பிற்பகலே அரசு ஓர் அவசர ஆணை பிறப்பித்தது. செய்தியை அபுபக்கர்தான் வீடு தேடி வந்து சொன்னார்.

"சார், உங்களால எல்லாருக்கும் வேலை லேசாயிடுச்சு. இனிமே யாரும் காதால கேக்கவே வேண்டாமாம். மெஷின் சொன்னா போதுமாம். ஹெட்போனையெல்லாம் சாக்குல கட்டி ஸ்டோர் ரூம்ல போட்டுட்டாங்க."

தணிகாசலம் சுவரில் சாய்ந்துகொண்டார். ஒரு மனிதர் தம் பிழையை ஒத்துக்கொண்டார். மனிதரே வேண்டாம் என்று அரசு முடிவு செய்துவிட்டது. திருத்திக்கொள்ளக் கிடைத்த வாய்ப்பைத் தப்பித்துக்கொள்ளும் வழியாக மாற்றிக்கொண்டது.

"பழசுக்கும் சேத்தா பாய்?"

"இல்லியாம். ரோசலின் அக்கா சொல்லச் சொன்னாங்க. இன்னிக்கு மேலதானாம். அவசரத்துல பழச மறந்துட்டாங்களாம்." அபுபக்கர் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த காகிதங்களை எடுத்தார். "அதோட இதையும் குடுக்கச் சொன்னாங்க. நான் பாக்கல. எனக்கு எழுதப் படிக்கவே தெரியாதுன்னு வச்சுக்குங்க."

அதில் நூற்றுப் பதினாறு பெயர்கள் இருந்தன. தெரு, வீட்டு எண், ஒப்பிய நேரம்.

அன்று மாலையே தணிகாசலம் ஐஸ் கம்பெனித் தெருவுக்குப் போனார். யாரும் அழைக்கவில்லை. மறுநாள் காரியத்துக்காக வாசலில் பந்தல் கட்டிக்கொண்டிருந்த இருளப்பன் நிமிர்ந்து பார்த்தார்.

"நேத்து பத்திரம் வாசிச்சவரு நீங்கதான சார்?"

"நான்தான்."

"கேக்காமலே போட்டீங்க."

"ஆமா."

"பன்னெண்டு நாளு சார். அப்பாவுக்கு ஒரு விளக்கு ஏத்தல நான்." கயிற்றை இறுக்கிய கை அப்படியே நின்றது. "இப்பம் எதுக்கு வந்தீக? மன்னிப்புக் கேக்கவா?"

"அதக் கேக்க எனக்கு வாய் வரல. துட்டி கேக்க வந்தேன்."

செண்பகம் கதவோரம் வந்து நின்றார். பிறகு இருளப்பன் கயிற்றை விட்டுவிட்டு இரு கைகளையும் முன்னால் நீட்டினார், துக்கம் கேட்க வந்தவரிடம் நீட்டுவதுபோல. தணிகாசலம் அந்தக் கைகளைத் தொட்டார். பெஞ்சில் சற்று நேரம் உட்கார்ந்தார். எழுந்தார். கம்பத்தடியைக் கடக்கும்போது உதடுகள் ஒட்டிக்கொண்டன. சொல்லிக்கொள்ளாமல் நடந்தார்.

வீட்டுக்கு வந்து குழாயைக் கடைசிவரை திறந்துவிட்டுத் தலையோடு குளித்தார். வாளி நிரம்பி வழிந்தது. மானி ஓடும் சத்தம் கூடத்துக்குக் கேட்டது. கோமதி குளியலறைக் கதவருகே வந்து நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் வெளியே வந்ததும் மாற்றுப்புடவையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். டெய்லர் வீட்டுத் துக்கத்துக்கு அவள் ஊற்றாமல் விட்ட தண்ணீர் ஒன்று இருந்தது. மானி மறுபடியும் ஓடியது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவர் பழைய மீன்சந்தைத் தெருவில் ஒரு கதவைத் தட்டினார். பட்டியலில் முதல் பெயர்: நர்ஸ் பிலோமினா. ஒப்பிய நேரம் 9.01. கதவைத் திறந்தவர் பிலோமினாவின் கணவர் ஸ்டீபன். ஏழு வாரமாக இஸ்திரி காணாத சட்டை.

"யாரு?"

"உங்க வீட்டம்மாவப் பத்தின பதிவக் காதால கேட்டேன்னு ஒப்புக் குடுத்தவன். நான் கேக்கல." கையில் இருந்த பையைத் திறந்து வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்தார். "கேக்கலைன்னு உறுதிமொழி எழுதிக் குடுக்க வந்திருக்கேன். நீங்க அத வச்சு மனுப் போட்டா, ஒப்பு செல்லாது. அவங்க வெளிய வந்துருவாங்க. வீட்டுக்கு ஒண்ணு எழுதணும். எனக்கு நாலு மாசம் இருக்கு."

ஸ்டீபன் கதவின் பிடியை விடவில்லை. கன்னத்துத் தசை ஆடியது. அடித்துவிடுவார் என்றே தணிகாசலம் நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றும் நினைத்தார்.

"எழுதறதுக்கு முன்னால, அன்னிக்கு என்ன நடந்ததுன்னு நீங்க சொல்லணும்" என்றார் தணிகாசலம். "முழுக்கச் சொல்லுங்க. கேக்கத்தான் வந்தேன்."

ஸ்டீபன் நாற்காலியை இழுத்துப் போட்டார். உள்ளே போய் ஒரு கிளாஸில் டீ கொண்டுவந்து, வைத்த வேகத்தில் தளும்ப, எதிரே வைத்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். முதலில் தடுமாறி, பிறகு கோபமாக, பிறகு நிறுத்த முடியாமல். சன்னலுக்கு வெளியே செவிக்கம்பமும் கேட்டுக்கொண்டிருந்தது. அது எதை வடிகட்டியதோ, யார் கண்டார்.

டீயின் மேல் ஆடை படர்ந்தது. தணிகாசலம் அதைத் தொடவில்லை. இடையில் ஒரு சொல்லும் பேசவில்லை. பதினோரு மணிக்கு ஸ்டீபன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிறுத்தியபோது, அவர் பேனாவின் மூடியைத் திறந்துவிட்டு, ஆறிப்போன டீயை எடுத்து முழுவதும் குடித்தார்.